காங்கயம் பக்கத்துத் தோட்டத்து வீடு: வயது என்ன, எதை நிறுத்துவது, எதை இடிப்பது?

கிளுவைவேலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். ஊருக்குள் எங்களுக்கு வீடு கிடையாது. தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் (இரண்டு வேலிக்கு நடுவே போகிற வண்டிப்பாதை) திரும்பிக் கடவைத் தாண்டினால் களம். களத்துக்கு மேற்கே தொட்டிக்கட்டு வீடு, தெற்கே நீளமாக மாடு கட்டுகிற கட்டுத்தரை, அதற்கும் அப்பால் கிணறு. வடக்கே மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு. வீட்டின் முன்னால் ஆசாரம்: கடைசல் பிடித்த மரத்தூண், சீமை ஓடு (மங்களூர் ஓடு), வழவழவென்று சிவப்புத் தரை. நடுவில் தொட்டி, அதாவது மேலே திறந்த முற்றம். பின்னால் அடுப்படி, தானியக் குதிர் நிற்கிற இருட்டறை, பொடக்காளி (பின்புறக் குளியலிடம்). கடைசியாகக் குடியிருந்த பெரியம்மா மகன் வீட்டோடு போன பிறகு பூட்டியே கிடக்கிறது.

இப்போது பங்காளிகள் சேர்ந்து பாகம் பிரிக்கிறோம். ஆசாரம் பார்க்க நன்றாக இருக்கிறது, அதை மட்டும் நிறுத்திக்கொண்டு பின்கட்டு, கட்டுத்தரை, கிணற்றோரம் இருக்கிற மண்மேடு எல்லாவற்றையும் ஜேசிபி விட்டுத் தள்ளிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்பது பெரும்பாலானவர்கள் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வயதிலும் சண்டை. ஓட்டுக்கு அடியில் 1865 என்று அச்சு இருக்கிறது. அதை வைத்து வீட்டுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுக்காங்கல் எழுதியது:

சித்தப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்க. அந்த 1865 ஓடு சுட்ட வருஷம் இல்லை, ஓட்டு ஆலை ஆரம்பித்த வருஷம். பாசல் மிஷன் என்ற சுவிஸ் நாட்டுக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் முதல் ஓட்டு ஆலை தொடங்கியது அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு வந்த ஓடுகளிலும் அதே 1865-ஐத்தான் அச்சுப் பதித்தார்கள். கடைப்பலகையில் "தொடக்கம்" என்று போடுகிற மாதிரி. தமிழ்நாட்டில் பாதிப் பழைய வீடுகளுக்கு இப்படித்தான் 1865-ல் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள்.

இன்னொன்று பாருங்கள். முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன், சுவிஸ் ஆட்களை வெளியேற்றி, மிஷனின் ஆலைகளைக் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். அதனால் "காமன்வெல்த்" என்று அச்சடித்த ஓடு இருந்தால் அது 1920-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. உங்கள் கூரையில் எத்தனை வகை அச்சு இருக்கிறது?


கிளுவைவேலி எழுதியது:

ஏணி போட்டுப் பார்த்தேன். ஆசாரத்தின் மேல் பெரும்பாலும் பாசல் மிஷன். தெற்கு ஓரத்தில் காமன்வெல்த் கொஞ்சம். பின்கட்டில் சீமை ஓடே இல்லை, நாட்டு ஓடு. பல இடத்தில் அதையும் எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருக்கிறார்கள்.


முகப்புத்திண்ணை எழுதியது:

படம் போடுங்க சகோ. படம் இல்லாமல் என்ன பேச்சு.


பழம்பத்திரம் எழுதியது:

ஓட்டை விடுங்கள், பத்திரத்தைத் தேடுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை தலைமுறைக்கு முன்னால் பாகப்பிரிவினை நடந்திருக்கிறதோ அத்தனை பத்திரம் எங்காவது இருக்கும். பழைய பாகப் பத்திரங்களைப் போல வீட்டை விவரிக்கிற ஆவணம் வேறு கிடையாது. சக்குபந்தி விவரத்தில் "இதற்குக் கிழக்கு, அதற்கு மேற்கு" என்று நான்கு எல்லை சொல்லிவிட்டு உள்ளே ஒவ்வொரு அறையாக வருவார்கள். யாருக்கு ஆசாரத்தில் பாதி, யாருக்குக் கட்டுத்தரையில் எத்தனை அங்கணம் (தூணுக்குத் தூண் இருக்கிற இடைவெளி), கிணற்றில் எத்தனை முறை தண்ணீர், களம் பொது, வண்டிப்பாதை பொது என்று எல்லாம் இருக்கும். ஓலைக்கொட்டகை என்று ஒரு பத்திரத்திலும், அதே இடத்தை ஓட்டு வில்லை வீடு என்று அடுத்த பத்திரத்திலும் எழுதியிருந்தால், கூரை மாறிய காலம் அந்த இரண்டுக்கும் நடுவில்.

பதிவுச் சட்டம் 1864-ல் வந்தது. அதற்கு முந்தியது பதிவு அலுவலகத்தில் கிடைக்காது. வில்லங்கச் சான்று இணையத்தில் அவ்வளவு பழசு வரைக்கும் கிடைக்காது. முந்தியதற்கு மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அ-பதிவேடு (சர்வே எண்ணும் நில விவரமும் இருக்கிற கிராமக் கணக்கு), பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, கிராம வரைபடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பழைய கிராம வரைபடத்தில் கிணறு குறித்திருப்பார்கள். வீட்டைவிடக் கிணறுதான் நம்பகமான சாட்சி.

ஒரு எச்சரிக்கை. 1960-களில் எழுதிய பாகப் பத்திரம் கிடைத்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்தது, 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அந்த நேரத்தில் பல குடும்பங்கள் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டே காகிதத்தில் ஐந்தாறாகப் பிரிந்தன. பத்திரத்தில் சுவர் எழும்பியிருக்கும், வீட்டில் இருக்காது.


அட்டாலி எழுதியது:

நான் கட்டடக்கலை படித்தவள், பழைய வீடுகளை அளந்து வரைகிற வேலை. பத்திரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், வீடே நிறையச் சொல்லும். டார்ச் எடுத்துக்கொண்டு அட்டாலிக்கு, அதாவது கூரைக்கு அடியில் இருக்கிற பரணுக்கு, மேலே ஏறுங்கள்.

முதலில் ஆசாரமும் பின்கட்டும் சேர்கிற இடத்துச் சுவரைப் பாருங்கள். முக்கோணமாக மேலே போகிற சுவரில் பழைய கூரை சாய்ந்திருந்த கோடு தெரிகிறதா? நாட்டு ஓட்டை இரண்டு மூன்று அடுக்காக வேய்வார்கள், பாரம் அதிகம், சட்டத்தை நெருக்கி அடிப்பார்கள். சீமை ஓடு ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும், சதுர மீட்டருக்குச் சுமார் 15 போதும், ரீப்பர் இடைவெளியும் ஓட்டின் அளவுக்குத் தகுந்தபடி ஒரே சீராக இருக்கும். கூரை மாற்றும்போது பழைய மரத்தையே திருப்பிப் போடுவது வழக்கம் என்பதால், இப்போது எதையும் தாங்காத ஆணித்துளைகளும் வெட்டுப்பள்ளங்களும் அதில் மிச்சம் இருக்கும். அந்தத் துளைகளின் இடைவெளியை அளந்தால் முன்பு என்ன கூரை இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது மரம். பின்கட்டில் பனங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரம் பாய்ந்த கிழட்டுப் பனையை நெட்டுவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கிற சோற்றியைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுப்பான வெளிப்பகுதியை மட்டும் கைமரமாகப் போடுவார்கள். அடுப்புப் புகை ஏறிய பனங்கையைச் சாமானியத்தில் கரையான் தொடாது. தேக்குத் தூண் என்றால் ஆனைமலையிலிருந்து வந்திருக்கலாம், பர்மாவிலிருந்தும் வந்திருக்கலாம், கண்ணால் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அறுத்த தடம் சொல்லும். இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுத்த ரம்பம் சாய்வான நேர்க்கோடுகளை விடும், அதுவும் கொஞ்சம் கோணல்மாணலாக. மில்லில் வட்ட ரம்பத்தில் அறுத்திருந்தால் கோடுகள் வளைந்திருக்கும். ஆணியும் அப்படித்தான். கொல்லுப்பட்டறையில் அடித்தது சதுரமாக, நுனி தட்டையாக இருக்கும். கம்பியிலிருந்து வெட்டியது உருண்டை.

சிவப்புத் தரை சிமெண்ட் கலந்த ரெட் ஆக்சைடு என்றால் அது அதிகப் பழசாக இருக்காது. மதுக்கரை ஆலை வந்ததே 1934-ல். அதற்கு முன் இந்தப் பக்கம் சிமெண்ட் அரிது.

என் ஊகம் என்னவென்றால், நீங்கள் இடிக்க நினைக்கிற பின்கட்டு நீங்கள் நிறுத்த நினைக்கிற ஆசாரத்தைவிட மூத்தது.


கிளுவைவேலி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன கோடு இருக்கிறது! ஆசாரத்து அட்டாலியின் பின்சுவரில், இப்போதைய கூரைக்கு இரண்டு முழம் கீழே, சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே சுவரெல்லாம் புகைக்கரி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. அப்படியானால் அந்தச் சுவர் ஒரு காலத்தில் வீட்டின் வெளிச்சுவராக இருந்ததா?


அட்டாலி எழுதியது:

ஆமாம், கூரை அந்தக் கோட்டில் வந்து முடிந்திருக்கிறது. கரி அதன் அடியில் படிந்தது. அந்தச் சுவரின் முன்பக்கத்தில் பிற்பாடு ஆசாரத்தை ஒட்டவைத்து உயர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தயவுசெய்து யாரையும் வெள்ளையடிக்க விடாதீர்கள். இப்போதைக்கு உங்கள் வீட்டின் மூத்த ஆவணம் அதுதான்.


மேழிச்செல்வர் எழுதியது:

தம்பி, எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயசில் கவலை (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது) இறைத்துப் பார்த்தவன். இங்கே எல்லோரும் ஓட்டையும் தூணையும் பேசுகிறீர்கள். நம்ம பக்கத்துத் தோட்டத்து வீடு வேலைக்காகக் கட்டினது. வேலை தெரியாமல் பார்த்தால் வெறும் சுவர்தான் தெரியும்.

கிணற்றோரம் மண்மேடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிணற்று வாயில் உயரமாக ஆரம்பித்து, போகப்போகச் சரிந்து, பள்ளமாக முடிகிறதா? அப்படி இருந்தால் அது மேடு இல்லை, கவலை வாரி, இறைக்கிற மாடு இறங்கி ஏறுகிற சரிவு. கிணற்றுக்குள் தண்ணீர் மொள்ளுகிற சால் எவ்வளவு ஆழம் இறங்குமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளம் மாடு வாரியில் நடக்க வேண்டும். வாரியை நீட்டினால் கிணற்றை ஆழப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் வாரியின் கடைசிப் பகுதியில் மண் நிறமே வேறு. ஏதோ ஒரு பஞ்சத்தில் தோண்டிப் பின்னால் நீட்டினது என்று என் பாட்டன் சொல்லுவார். தாது வருஷத்துப் பஞ்சம், 1876-78, நம்ம ஜில்லாவைப் புரட்டிப் போட்ட பஞ்சம். பிழைத்தவர்கள் அதற்கப்புறம் கிணற்றை நம்பித்தான் பிழைத்தார்கள்.

இறைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சால் நிறைந்ததும் ஆள் வடத்தின் மேல் உட்காருவார். அவர் பாரமும் சேர்ந்து மாடு வாரியில் இறங்கும். சால் மேலே வந்ததும் வால்கயிறு இழுபட்டுச் சாலின் அடியில் இருக்கிற தோல்குழாயான தும்பி வாய் திறந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேலே ஏற்ற வேண்டும். பின்னால் நடக்கப் பழகின காங்கயம் ஜோடி கிடைப்பது லேசு இல்லை. விடியக் கருக்கலில் நுகத்தடி ஏற்றினால் வெயில் ஏறும் வரைக்கும் இதேதான். அதனால்தான் கட்டுத்தரை கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில். நடுச்சாமத்தில் மாடு முட்டிக்கொண்டால் வீட்டில் படுத்திருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும், விடிந்தால் நாலு எட்டில் வாரிக்குப் போக வேண்டும்.

ஊருக்குள் வீடு கட்டாமல் ஆளுக்கு ஒரு தோட்டத்தில் சாளை (ஓலைக் குடிசை) போட்டதற்கும் இதுதான் காரணம். ஆற்றுத் தண்ணீர் என்றால் ஊரோடு சேர்ந்து இருக்கலாம், தண்ணீர் தானே வயலுக்கு வரும். கிணற்றுத் தண்ணீர் அவனவன் இறைத்தால்தான். ராத்திரி பகல் கிணற்றங்கரையில் இருக்கிறவன் வீட்டை அங்கேதானே கட்டுவான். முதலில் காவலுக்குச் சாளை, அப்புறம் மண்சுவர், அப்புறம் தொட்டிக்கட்டு.

வாரியை ஜேசிபி விட்டுத் தள்ளிவிட்டு ஆசாரத்தை நிறுத்தினால், சாப்பிட்ட இலையை வைத்துக்கொண்டு சோற்றைக் கொட்டின கதைதான்.


தலைக்காவிரி எழுதியது:

எங்கள் டெல்டாவில் மிராசுதார் வீடு தெருவில் இருக்கும், களம் வேறு எங்கோ இருக்கும், நிலம் நாலு கிராமத்தில் சிதறிக் கிடக்கும். வீட்டைப் பார்த்து விவசாயத்தைச் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் எல்லாமே ஒரே வேலிக்குள் இருப்பது ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். பழைய தோட்டத்து வீடுகள் பலவற்றில் மேற்குச் சுவர் மொட்டையாக இருக்கிறதே, வாஸ்துவா?


மேழிச்செல்வர் எழுதியது:

வாஸ்து இல்லைங்க, பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் அதன் வழியாக வருகிற காற்று தாராபுரம் வரைக்கும் ஒரே சீராக அடிக்கும். மேற்கே ஜன்னல் வைத்தால் அடுப்பு எரியாது, சோற்றில் மண் விழும். வெளிச்சத்துக்குத்தான் நடுவில் தொட்டி. மழை இங்கே வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான், தொட்டி நிரம்பி வழியும் என்ற பயமும் இல்லை. தட்டுப்போரை அடுப்படிக்குக் கிழக்கே போடாமல் தள்ளிப் போட்டதும் காற்றுக்குப் பயந்துதான். ஒரு பொறி போதும், வருஷத் தீவனம் போய்விடும்.


பறையும்கலப்பையும் எழுதியது:

மேழிச்செல்வர் ஐயா அழகாக எழுதியிருக்கிறார். "ஆள் வடத்தின் மேல் உட்காருவார்" என்று ஒரு இடத்தில் வருகிறது. அந்த ஆள் யார்?

என் அப்பாவின் அப்பா இதே மாதிரி ஒரு தோட்டத்தில் பண்ணையாள். வடத்தில் உட்கார்ந்தவர் அவர். சாலின் தோல் தும்பியைத் தைத்துக் கொடுத்ததும், கிழிந்தால் ஒட்டுப் போட்டதும் எங்கள் ஆட்கள், அருந்ததியர்கள். கூலி தானியமாக. அதை வாங்க ஆசாரத்துக்குப் போக முடியாது, களத்து ஓரத்தில் நிற்க வேண்டும். குடிக்கக் கஞ்சி கட்டுத்தரைப் பக்கம், தனியாக வைத்த பாத்திரத்தில். கிணற்றில் நாளெல்லாம் தண்ணீர் இறைத்தவர் அதே கிணற்றில் இறங்கித் தன் குடத்தை நனைக்க முடியாது.

நான் சண்டைக்கு வரவில்லை. வீட்டின் அமைப்பைப் பேசும்போது இதுவும் அமைப்புதான் என்கிறேன். களத்திலிருந்து ஆசாரம் ஏறும் படியின் உயரம், கட்டுத்தரைக்குத் தனியாக இருக்கிற பின்வழி, எந்த இடத்தில் நின்றால் உள்ளே இருக்கிறவர் முகம் தெரியும், எந்த இடத்தில் குரல் மட்டும் கேட்கும், எல்லாமே யோசித்து வைத்தது. ஆசாரத்தை மட்டும் நிறுத்தினால் எங்கள் தாத்தா நின்ற இடம் முழுக்கப் போய்விடும். உட்கார்ந்தவர்கள் இடம் மட்டும் பாரம்பரியம் ஆகிவிடும்.


மேழிச்செல்வர் எழுதியது:

நீங்கள் சொல்வது நிஜம் தம்பி. எங்கள் தோட்டத்திலும் அந்தத் தனிப் பாத்திரம் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.


முகப்புத்திண்ணை எழுதியது:

எதற்கெடுத்தாலும் சாதியைக் கொண்டுவருவது நல்லா இல்லை. வீட்டைப் பற்றிப் பேசுவோமே.


அட்டாலி எழுதியது:

அவர் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார். நான் அளந்து வரைந்த தோட்டத்து வீடுகளில் ஒன்றிலும் இரண்டு வழி இல்லாமல் இருந்ததில்லை. வரைபடத்தில் யார் எந்த வழியாகப் போனார்கள் என்று அம்புக்குறி போடாவிட்டால் அது பாதி வரைபடம்.


பொடக்காளிப்பேத்தி எழுதியது:

நானும் ஒரு பாதியைச் சேர்க்கிறேன். பின்கட்டு என்று எல்லோரும் ஒரு சொல்லில் தாண்டிப் போகிறீர்கள். வீட்டுப் பெண்கள் வாழ்ந்ததே அங்கேதான். வெளி ஆண்கள் ஆசாரத்தோடு நின்றுவிடுவார்கள். கம்பு இடித்த உரல், ராகி திரித்த கல், மோர் கடைந்த தூண், பிரசவம் பார்த்த அறை எல்லாம் பின்னால்.

கிளுவைவேலி அண்ணா, குதிர் இன்னும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உடைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இருந்த குதிர் ஒன்றை ஒரு பெரியப்பா அப்புறப்படுத்தியபோது பார்த்தேன். உறை உறையாகச் செய்து காயவைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றின மண் அது. களிமண், தவிடு, சாணி. கீழே ஒரு கை நுழைகிற அளவுக்குத் துளை, அதை மண்ணுருண்டை வைத்து அடைத்துச் சாணி மெழுகியிருப்பார்கள். தானியம் எடுக்க அடைப்பைத் திறந்தால் போதும், அடியில் இருக்கிற பழைய தானியம் முதலில் வரும். புதுசு மேலே கொட்டுவார்கள். மேல்மூடியை வேப்பிலையும் சாம்பலும் போட்டுப் பூசிவிட்டால் பூச்சி அண்டாது. எங்கள் குதிரின் துளைக்கு மேலே மூன்று விரல் தடம் இருந்தது, ஈரமாக இருக்கும்போது யாரோ ஒரு அம்மாயி அழுத்தின தடம்.

குதிர் இருந்த அறையின் வாசல் அகலத்தையும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் குதிர் வைத்த பிறகுதான் சுவர் எழுப்பியிருந்தார்கள், முழுசாக வெளியே எடுக்க வழியே இல்லை.

அப்புறம், பாகம் பிரிக்கிறீர்களே, அத்தைமார் கையெழுத்து வாங்கியாச்சா? தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பங்கு வந்துவிட்டது. அப்போது கல்யாணம் ஆனவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது, 2005-ல் மத்தியச் சட்டம் அதையும் சரிசெய்தது. "பங்காளிகள்" என்று எழுதியதைப் பார்த்துக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.


பழம்பத்திரம் எழுதியது:

மேற்கோள்: "அத்தைமார் கையெழுத்து வாங்கியாச்சா?"

நியாயமான கேள்வி. 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான, அல்லது கோர்ட் தீர்ப்பான பாகப்பிரிவினைதான் தப்பும். வக்கீலைப் பாருங்கள். இடிக்கிறதா நிறுத்துகிறதா என்பதை முடிவு செய்ய யார் யாருக்கு உரிமை என்பதே இதில்தான் இருக்கிறது.


கிளுவைவேலி எழுதியது:

கோபமெல்லாம் இல்லை. அத்தைமார் மூன்று பேர். சொன்னால் சிரிப்பீர்கள், பின்கட்டை இடிக்கக் கூடாது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். யாரும் காதில் வாங்கவில்லை, நான் உட்பட. இனி கேட்டாக வேண்டும் போல.

பெரிய அத்தை பெட்டியிலிருந்து பத்திரம் ஒன்று கிடைத்தது. முதல் உலகப்போருக்கு முந்தின பாகப் பத்திரம். அதில் "தெற்கு வடக்கு மூன்று அங்கண ஓட்டு வீடும், அதற்குக் கிழபுறம் ஓலைச்சாளையும், கட்டுத்தரையும், கவலைக் கிணறு பொதுவில்" என்று வருகிறது. ஆசாரம் என்ற பேச்சே இல்லை. இப்போது ஆசாரம் இருக்கிற இடத்தில்தான் ஓலைச்சாளை. அட்டாலி அக்கா சொன்னது அப்படியே பொருந்துகிறது. முன்னால் இருப்பதுதான் புதுசு.

கட்ட அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? எங்களுக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. கீழ்பவானி வாய்க்கால் வந்ததே 1950-களில், அதுவும் எங்கள் தோட்டத்துக்கு எட்டாது.


சுக்காங்கல் எழுதியது:

பருத்தியாக இருக்கும். 1900-களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இந்தப் பக்கம் வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது, இழை நீளம், மில்காரர்கள் விலை கொடுத்தார்கள். கோவை ஜில்லாவில் மானாவாரிக் கம்பும் சோளமும் மட்டும் போட்டவர்கள் கையில் முதல் தடவையாக ரொக்கம் புரண்டது. ரொக்கம் வந்தால் முகப்பு வரும். ரயில் 1862 வாக்கிலேயே மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டதால் மங்களூர் ஓடும் கள்ளிக்கோட்டைப் பக்கத்து ஓடும் போத்தனூர், ஈரோடு வரை வேகனில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏறும். உங்கள் ஆசாரத்தில் பாசல் மிஷன் பெரும்பாலும், காமன்வெல்த் கொஞ்சம் என்றீர்கள். பத்திரம் போருக்கு முந்தியது. போருக்குக் கொஞ்சம் முன்னால் வாங்கின ஓடு, அல்லது போர்க்காலத்துக் கையிருப்பு, பிறகு உடைந்ததற்கு மாற்றியது காமன்வெல்த். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 1910-களில் வைக்கலாம். சிவப்புத் தரை அதற்கும் பிறகு.


மேழிச்செல்வர் எழுதியது:

கரண்டும் கணக்கில் வர வேண்டும். பைக்காரா மின்சாரம் 1932-33-ல் வந்தது. 1937-ல் கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். எல்லாத் தோட்டத்துக்கும் உடனே வந்துவிடவில்லை, எங்களுக்குச் சுதந்திரத்துக்கு அப்புறம்தான். மோட்டார் வந்த நாளிலிருந்து வாரிக்கு வேலை இல்லை. நாலு ஜோடி மாடு இருந்த கட்டுத்தரையில் ஒரு ஜோடி, அப்புறம் எருமை, அப்புறம் டிராக்டர். வாரியை நிரவி மோட்டார் ரூம் கட்டினவர்கள்தான் அதிகம். உங்களுடையது மிச்சமிருந்தால் அபூர்வம்.


நவீனகட்டுமானம் எழுதியது:

எல்லாம் சரி, நடைமுறைக்கு வருவோம். நான் சிவில். மண்சுவருக்குள் கரையான், ஓடு ஒழுகல், பின்கட்டு எந்த மழைக்கும் விழலாம். சிமெண்ட் பூசி, கான்கிரீட் பெல்ட் ஓட்டி, மேலே ஷீட் போட்டால் இருபது வருஷம் கவலை இல்லை. சுண்ணாம்பு, கடுக்காய் என்று ஆரம்பித்தால் செலவுக்கு முடிவே இருக்காது.


சுக்காங்கல் எழுதியது:

பெல்ட் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இடத்தைப் பார்த்துப் போடலாம். சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டாம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாக விழும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். கீழே மூன்றடிக்கு மட்டும் சிமெண்ட் பூசின பழைய வீடுகளைப் பாருங்கள், ஈரம் அந்த மூன்றடிக்கு மேலே ஏறி நிற்கும்.

காரை அரைக்கிற வட்டம் தோட்டத்தில் எங்காவது இருக்கிறதா? தரையில் வட்டமான கல் பள்ளம், அதில் ஓடுகிற கல் உருளை. சுக்காங்கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து மாடு கட்டி அரைப்பார்கள். அது இருந்தால் வீடு கட்டின சுண்ணாம்பு அங்கேயே தயாரானது. இப்போது அரைத்த சுண்ணாம்பு விலைக்கே கிடைக்கிறது, பயப்பட வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொன்னால், முதல் செலவு பூச்சு இல்லை, கூரை. மேலே தண்ணீர் இறங்காமல் இருந்தால் மண்சுவர் நிற்கும். பின்கட்டின் தகரத்தைக் கழற்றி நாட்டு ஓடு தேடிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் பழைய சீமை ஓடு போடுங்கள். அதுதான் ஏற்கனவே ஆசாரத்தில் உங்கள் முன்னோர் செய்தது.


நவீனகட்டுமானம் எழுதியது:

கூரை முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கரையானுக்கு என்ன செய்வீர்கள்?


சுக்காங்கல் எழுதியது:

மரம் சுவருக்குள் நுழைகிற முனையைத் திறந்து பார்த்து, கெட்டதை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவது. முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் வீட்டைத் திறந்து வைப்பது. பூட்டிக் கிடக்கிற வீட்டில்தான் கரையான் குடும்பம் நடத்தும்.


கிளுவைவேலி எழுதியது:

நேற்றுப் பங்காளிகளும் அத்தைமாரும் உட்கார்ந்து பேசினோம். புகைக்கரிக் கோட்டையும் பத்திரத்தையும் காட்டிய பிறகு சித்தப்பா 1865-ஐக் கைவிட்டார். பதிலாக "அதைவிடப் பழசாகவும் இருக்கலாம்" என்று ஆரம்பித்திருக்கிறார், பின்கட்டைச் சொல்கிறார். அதில் நானும் எதிர்க்கவில்லை.

களம், கிணறு, வாரி, வண்டிப்பாதை நான்கும் பொதுவில் இருக்கட்டும் என்று பழைய பத்திரத்தில் இருந்தபடியே எழுதுகிறோம். பின்கட்டை இடிப்பதில்லை. கட்டுத்தரையில் பாதி ஏற்கனவே விழுந்துவிட்டது, நிற்கிற பாதிக்குக் கூரை போட மட்டும் ஒத்துக்கொண்டார்கள். விழுந்த பாதியில் கார் நிறுத்துவார்களாம். என்னால் முடிந்தது அவ்வளவுதான். தென்னையைக் கொறங்காட்டில் வைக்கலாம் என்று ஒரு தம்பி கிளப்பினான். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் நிற்கிற காட்டை உழுதால் பெரியம்மாவின் நாலு காங்கயம் மாட்டுக்கு மேய்ச்சல் ஏது என்று அத்தையே வாயை அடைத்துவிட்டார்.

குதிர் அறையின் வாசலை அளந்தேன். குதிரின் விட்டம் வாசலைவிட ஒன்றரைச் சாண் அதிகம்.

இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. அளந்து வரைவதைக் கூரை பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டுமா, பிறகா? ஆடி பிறப்பதற்குள் ஓட்டை மாட்டிவிட முடியுமா?


அட்டாலி எழுதியது:

முன்னாலும் வேண்டும், நடுவிலும் வேண்டும். கூரை இறக்கும்போதுதான் மரத்தின் தடங்கள் வெளிச்சத்துக்கு வரும். ஒவ்வொரு கைமரத்துக்கும் சாக்கட்டியில் எண் போட்டு, எண்ணோடு படம் எடுத்து, அதே வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நான் அடுத்த வாரம் தாராபுரம் வரை வர வேண்டியிருக்கிறது. விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்கள், டேப் கொண்டுவருகிறேன். பறையும்கலப்பையும் வர முடிந்தால் நல்லது, அம்புக்குறி போட அவர் வேண்டும்.


பறையும்கலப்பையும் எழுதியது:

வருகிறேன். ஆசாரம் வழியாகவே வருகிறேன்.


சுக்காங்கல் எழுதியது:

ஆடிக்குள் என்றால் ஆனி முதல் வாரத்துக்குள் வேலை முடிய வேண்டும். காற்று ஆடிக்குக் காத்திருக்காது. மேற்குச் சரிவில் கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சுண்ணாம்புக் காரை வைத்து ஒட்டச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் சும்மா மாட்டினால் போதும். பழைய ஓடு தேடுகிறவர் ஒருவர் நம்பர் என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் தருகிறேன். அவர் 1865 அச்சுள்ள ஓடு என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.